பழைய லக்சரி எலக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிருங்க

ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். செகண்ட் ஹேண்ட் லக்சரி எலக்ட்ரிக் கார்ல குறையறது வண்டி விலை மட்டும்தான், உள்ள இருக்கற பார்ட்ஸ் விலை துளியும் குறையாது. ஒருத்தர் பெரிய தொகை குடுத்து புதுசா எடுத்த கார், மூணு நாலு வருஷத்துல கிட்டத்தட்ட பாதி விலைக்கு வந்து நிக்கும், சில மாடல் அதுக்கும் கீழ போகும், பாத்தா யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனா அதுல ஒரு ஏர் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் (காத்து அடைச்சு வண்டிய தாங்கற ஷாக்) போச்சுன்னா, ஒரு ஹெட்லைட் உடைஞ்சா, காருக்குள்ளயே இருக்கற ஆன்போர்டு சார்ஜர் படுத்துருச்சுன்னா, புது கார் வச்சிருக்கறவருக்கு என்ன பில்லு வருமோ அதே பில்லுதான் உங்களுக்கும் வரும். அதனால இந்த மாதிரி கார்ல முதல்ல பாக்க வேண்டியது பேட்டரி, ரெண்டாவது மிச்சம் இருக்கற வாரண்டி, கார் எப்படி இருக்குங்கறது அதுக்கப்புறம்தான். பெரும்பாலானவங்க இத தலைகீழா பண்றாங்க, கலர் பாத்து, சீட் பாத்து, ஒரு தடவ ஆக்சிலரேட்டர மிதிச்சுப் பாத்து, அங்கயே மனசு முடிவு பண்ணிடுது.

விலை ஏன் இவ்வளவு விழுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பேரம் பேசவும் ஈசி, பயமும் குறையும். லீஸ்ல போன கார்கள் மூணு வருஷம் முடிஞ்சதும் மொத்தமா மார்க்கெட்டுக்கு வருது, அது ஒண்ணு. புது மாடல் ரேஞ்சும் சார்ஜிங் ஸ்பீடும் வேகமா முன்னேறுது, அதனால பழசு சீக்கிரமே பழசா தெரியுது. உதாரணத்துக்கு போர்ஷே டைகான் 2019ல வந்தப்போ பெரிய பேட்டரி 93.4 கிலோவாட் ஹவர், 270 கிலோவாட் சார்ஜிங், 2024ல வந்த ஃபேஸ்லிஃப்ட்ல (புதுப்பிச்ச மாடல்ல) அது 105, சார்ஜிங் 320, ரேஞ்சும் நல்லா கூடிருச்சு, அவ்வளவுதான் முன்னாடி மாடலோட ரீசேல் இறங்கிருச்சு. கம்பெனிகளே புது கார் விலைய குறைச்சாலும் இதே கததான், 2023 ஜனவரில டெஸ்லா பல நாட்டுல ஒரே அடியா விலைய குறைச்சப்போ ஏற்கனவே ஓடிட்டிருந்த கார்களோட மதிப்பும் கூடவே விழுந்துச்சு. இதுக்கெல்லாம் மேல பேட்டரி பயம், "ரெண்டு வருஷத்துல பேட்டரி போயிரும்"னு எல்லாரும் சொல்றது. இந்த பயத்துல பாதிக்கு மேல தேவையில்லாதது, நல்ல கூலிங் சிஸ்டம் இருக்கற பேட்டரி பேக் முதல் ரெண்டு வருஷத்துல கொஞ்சம் வேகமா இறங்கி அப்புறம் மெதுவாதான் இறங்கும். இப்படி நல்லபடியா இல்லாத பேட்டரி எந்த கார்ல இருக்குன்னு கண்டுபிடிக்கறதுலதான் பிரச்சனை.

ஸ்டெப் 1: உங்களுக்கு இது ஒத்து வருமா

இத சுருக்கமா முடிச்சிடறேன். வீட்டுலயோ ஆபீஸ்லயோ சொந்தமா சார்ஜிங் பாயிண்ட் போட வழி இருக்கா? இந்த கார்கள்ல பேட்டரி ரொம்ப பெருசு, சாதாரண பிளக்ல 2.3 கிலோவாட் வாக்குல ஏறும், 84 கிலோவாட் ஹவர் பேக்க சுத்தமா காலில இருந்து நிரப்ப 36 மணி நேரத்துக்கு மேல ஆகும், நஷ்டத்தையும் சேத்தா 40 கிட்ட. 11 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவத்துல மாட்டற சார்ஜர்) இருந்தா ராத்திரி போட்டா காலைல ரெடி. அடுத்தது, அந்த பிராண்டோட ஹை வோல்டேஜ் வேலை பாக்கற சர்வீஸ் சென்டர் உங்களுக்கு எட்டற தூரத்துல இருக்கா, ஏன்னா எல்லா பிராஞ்சுலயும் பேட்டரிய இறக்கி வேலை பாக்க மாட்டாங்க. மூணாவது, வாங்கற விலைல குறைஞ்சது பத்து பதினஞ்சு சதவீதம் ரிப்பேருக்குன்னு தனியா ஒதுக்கி வைக்க முடியுமா. இது என் கணக்கு, நீங்க வேற கணக்கு வச்சுக்கலாம், ஆனா மொத்த பட்ஜெட்டையும் வண்டிலயே கொட்டிட்டு கை காலியா நிக்காதீங்க. இன்சூரன்ஸ் கோட் கூட முன்னாடியே கேட்டு வச்சிருங்க, சில கார்ல பிரீமியம் பாத்து வாங்கற ஆசையே போயிரும்.

ஸ்டெப் 2: வாரண்டி கணக்கு போடுங்க, மாடல் அப்புறம்

பெரும்பாலான கம்பெனி பேட்டரிக்கு குடுக்கறது 8 வருஷம் இல்ல 1,60,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது, கூடவே கொள்ளளவு 70 சதவீதத்துக்கு கீழ போனா பாத்துக்கறோம்னு ஒரு உறுதி. இதுல விதிவிலக்குங்கள தெரிஞ்சு வச்சிருக்கணும். டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் 2020ல இருந்து 8 வருஷம் 2,40,000 கிலோமீட்டர், 70 சதவீத உறுதியோட. அதுக்கு முன்னாடி வந்த பெரும்பாலான மாடல் எஸ், எக்ஸ்ல கிலோமீட்டர் லிமிட் இல்ல ஆனா கொள்ளளவு உறுதியும் இல்ல, அதாவது பேட்டரி செத்தா மாத்துவாங்க, சும்மா குறைஞ்சா கேக்க முடியாது. 2012ல வந்த முதல் பேட்ச் எல்லாம் எப்பவோ வாரண்டி தாண்டியாச்சு. மெர்சிடிஸ் இக்யூஎஸ்க்கு 10 வருஷம், 2,50,000 கிலோமீட்டர், அந்த வகைல அது தாராளம்.

இங்க நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. 70 சதவீதம்னா 69க்குதான் காசு, 72 சதவீதத்துல நிக்கற பேட்டரிக்கு கம்பெனி ஒண்ணும் பண்ணாது, ஆனா அந்த 72ல நீங்க ஓட்டற தூரம் புதுசுல இருந்தத விட கால்வாசிக்கு மேல கம்மி. அதனால வாரண்டி இருக்குன்னு சொன்ன உடனே பேட்டரி டெஸ்ட விட்டுடாதீங்க, ரெண்டும் வேணும்.

இன்னொண்ணு, பேட்டரி வாரண்டி வேற, முழு கார் வாரண்டி வேற. முழு கார் வாரண்டி பெரும்பாலும் ரெண்டுல இருந்து நாலு வருஷத்துல முடிஞ்சிரும், அதுக்கப்புறம் ஏர் சஸ்பென்ஷன், ஸ்க்ரீன், டோர் ஹேண்டில், கேமரா எல்லாம் உங்க பாக்கெட்டுதான். என்னைக் கேட்டா மூணு மூணரை வருஷம் ஆன லீஸ் ரிட்டர்ன் கார், கம்பெனியோட சர்டிஃபைட் ப்ரோக்ராம்ல வாங்கி, கூட ரெண்டு வருஷம் முழு கார் வாரண்டி நீட்டிப்பு எடுக்கறதுதான் சரியான இடம்னு சொல்வேன். பெரிய விலை இறக்கம் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும், பேட்டரி வாரண்டி இன்னும் நாலரை அஞ்சு வருஷம் இருக்கும். வெளி கம்பெனி விக்கற எக்ஸ்டெண்டட் வாரண்டின்னா எது கவர் ஆகாதுங்கற பக்கத்த முதல்ல படிங்க, ஹை வோல்டேஜ் பார்ட்ஸயும் ஏர் சஸ்பென்ஷனையும் அங்கதான் ஒளிச்சு வச்சிருப்பாங்க.

வண்டி டாக்சியா ஓடிச்சா, வேற நாட்டுல இருந்து வந்ததா, மொத்த நஷ்டம்னு இன்சூரன்ஸ்ல எழுதினதாங்கறதும் வாரண்டிய தொடற விஷயம். சேசிஸ் நம்பர் வாங்கி கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே கேளுங்க, வாரண்டி ஸ்டார்ட் ஆன தேதி என்ன, இன்னும் செய்யாத ரீகால் (குறைய சரி பண்ண கம்பெனியே வண்டிய திரும்ப கூப்பிடறது) ஏதாவது இருக்கா, இந்த வண்டிக்கு வாரண்டி செல்லுபடியா இருக்கா. விக்கறவர் வாய் வார்த்தை இதுக்கு பத்தாது.

ஸ்டெப் 3: மாடல் தேர்வு, என் பார்வைல

ஆடி இ-ட்ரான், அந்த 95 கிலோவாட் ஹவர் மாடல், பேப்பர்ல பாத்தா ரேஞ்ச் சுமார்தான், வண்டியும் ரெண்டரை டன் வெயிட், ஆனா பேட்டரில நிறைய இடம் சும்மா ரிசர்வ்ல வச்சிருக்காங்க, மொத்தம் 95ல ஆரம்ப வண்டிகள்ல 83.6தான் யூஸ் பண்ண விடுவாங்க, அதனால பேட்டரி அதிகம் கஷ்டப்படாது. 150 கிலோவாட் சார்ஜிங்க 70 சதவீதம் தாண்டியும் விடாம புடிச்சு நிக்கும், லாங் ட்ரிப்புக்கு இது ரேஞ்ச் நம்பர விட பெருசு. சத்தமில்லாம போற குடும்ப வண்டி வேணும்னா இதுதான் என் முதல் சாய்ஸ். 2022 கடைசில இது க்யூ8 இ-ட்ரான்னு பேர் மாறி பெரிய பேட்டரியோட வந்துச்சு, அதனால முன்னாடி மாடல் விலை இன்னும் நல்லா இறங்கிருச்சு.

டைகான் ஓட்டறதுக்கு இதுல எதுவும் கிட்ட வராது. 800 வோல்ட் சிஸ்டம், பின்னாடி ரெண்டு ஸ்பீடு கியர்பாக்ஸ், சரியான சார்ஜர் கிடைச்சா டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கிளம்பிடலாம். ஆனா ஆரம்ப வருஷ கார்கள்ல சாப்ட்வேர் அப்டேட் முழுசா போட்டிருக்கா, பேட்டரி சம்பந்தப்பட்ட ரீகால் வேலை முடிச்சாச்சான்னு பேப்பர்ல பாக்காம தொடாதீங்க. அதே பிளாட்ஃபார்ம்ல வந்த ஆடி இ-ட்ரான் ஜிடியும் பல இடத்துல கொஞ்சம் மலிவா கிடைக்கும், பேட்ஜ் முக்கியம் இல்லேன்னா அங்க பாருங்க.

டெஸ்லா மாடல் எஸ்ல வருஷம்தான் எல்லாம். 2018 மார்ச் வரைக்கும் வந்ததுல நடு ஸ்க்ரீன் கம்ப்யூட்டரோட மெமரி சிப் தேஞ்சு போற பிரச்சனை இருந்துச்சு, 2021ல மாடல் எஸ், எக்ஸ் சேத்து 1,35,000 கார் கிட்ட இதுக்காக ரீகால் ஆச்சு. அந்த வேலை நடந்திருக்கான்னு பாருங்க. ஆரம்ப கால வெளிய நீட்டி வர்ற டோர் ஹேண்டில், டிரைவ் யூனிட் (மோட்டாரும் கியரும் சேந்த பகுதி) சத்தம் இதெல்லாம் தெரிஞ்ச கததான். மாடல் எக்ஸ்ல மேல திறக்கற பின் கதவ பத்து தடவ திறந்து மூடிப் பாருங்க, அப்புறம் சஸ்பென்ஷன உயரமா வச்சு அழுத்தி ஆக்சிலரேட் பண்ணுங்க, முன்னாடி அதிர்ந்துச்சுன்னா ஆக்சில் ஷாஃப்ட் தேஞ்சிருக்கு.

ஜாகுவார் ஐ-பேஸ் விலை பாத்து மயங்கற கார், ஓட்டவும் அருமையா இருக்கும், ஆனா பேட்டரி தீப்பிடிக்கற அபாயத்துக்காக ரீகால் மேல ரீகால் வந்து, 2019 மாடல அமெரிக்காவுல கம்பெனியே திரும்ப வாங்கிக்கறேன்னு 2024ல சொன்ன கார் அது. சார்ஜிங்கும் 100 கிலோவாட் சுமார்தான். நான் பரிந்துரைக்க மாட்டேன். இக்யூஎஸ் விலை கண்ணாபின்னான்னு இறங்கின கார், 107.8 கிலோவாட் ஹவர் யூஸபிள், ரேஞ்சுக்கு குறையே இல்ல, ஆனா ஹைப்பர்ஸ்க்ரீன் இருக்கற வண்டின்னா டாஷ்போர்டு முழுக்க 141 சென்டிமீட்டருக்கு ஒரே கண்ணாடி, அதுல ஒரு கீறல் இருந்தாலும் விலை கேட்டுட்டு வாங்க. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் முகம் உங்களுக்கு பிடிச்சிருந்தா எடுங்க, உள்ள சமாச்சாரம் நல்லா இருக்கு.

ஸ்டெப் 4: நேர்ல போறதுக்கு முன்னாடி போன்லயே கேக்க வேண்டியது

விக்கறவர் பொதுவா உங்களுக்கு காட்டறதுக்குன்னு 100 சதவீதம் சார்ஜ் பண்ணி வச்சிருப்பார், மரியாதைக்குன்னு நினைப்பார், ஆனா நமக்கு அது வேண்டாம். ஃபுல் சார்ஜ்ல ரீஜென் பிரேக்கிங் (வேகம் குறையறப்போ மோட்டாரே கரண்ட பேட்டரிக்கு திருப்பறது) சரியா வேலை செய்யாது, ஃபாஸ்ட் சார்ஜிங்கும் டெஸ்ட் பண்ண முடியாது. 20, 30 சதவீதத்துல வச்சிருங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. முந்தின ராத்திரில இருந்து வண்டிய எடுக்காம ஒரே இடத்துல நிப்பாட்டி வைக்கச் சொல்லுங்க, இது ஏர் சஸ்பென்ஷனுக்கு. சார்ஜிங் கேபிள் எல்லாம் இருக்கா, சாவி எத்தன, சர்வீஸ் பில் இருக்கா, கம்பெனி ஆப்ல வண்டி யார் அக்கவுண்ட்ல இருக்கு. இந்த கடைசி கேள்விக்கு தடுமாறினா கொஞ்சம் உஷாராகுங்க.

சார்ஜிங் போர்ட்டையும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. சிசிஎஸ் 1, சிசிஎஸ் 2, சாடெமோ, ஜிபி/டி, என்ஏசிஎஸ்னு சார்ஜிங் பிளக் வகை ஒவ்வொரு மார்க்கெட்டுக்கு ஒண்ணு, வேற நாட்டுக்குன்னு செஞ்ச கார்னா உங்க ஊர் சார்ஜர்ல நேரா மாட்டாது, மேப் வராது, ஆப் கனெக்ட் ஆகாது, வாரண்டியும் பல சமயம் அந்த ஏரியாவோட நின்னுரும். ஐரோப்பால வித்த பழைய மாடல் எஸ், எக்ஸ்க்கு சிசிஎஸ் போட தனியா ஒரு அப்கிரேட் வேணும், அது பண்ணியிருக்கான்னும் கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 5: பேட்டரி டெஸ்ட், இங்கதான் அவசரப்படக்கூடாது

டாஷ்போர்டுல "இன்னும் 412 கிலோமீட்டர்"னு காட்டற நம்பர வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. பெரும்பாலான கார்ல அது போன சில பயணத்துல எப்படி ஓட்டினாங்கங்கறத வச்சு போடற யூகம், விக்கறவர் ஒரு வாரம் மெதுவா ஓட்டினாலே நம்பர் அழகா ஏறிரும். ஓடோமீட்டரும் முழுக்கத சொல்லாது, கம்மியா ஓடி வெயில்ல ஃபுல் சார்ஜ்லயே வருஷக்கணக்கா நின்ன கார், ஹைவேல நிறைய ஓடின கார விட மோசமான பேட்டரியோட இருக்கலாம். சூடும், 100 சதவீதத்துல சும்மா நிக்கறதும், பேட்டரிக்கு ஓட்டத்த விட பெரிய எதிரி.

நல்ல வழி, பேட்டரி ஹெல்த் சர்டிஃபிகேட். சில பிராண்டோட சர்வீஸ் சென்டர்லயே தருவாங்க, இல்லேன்னா ஆவிலூ மாதிரி தனி நிறுவனங்கள் இருக்கு, அவங்களோட முழு டெஸ்ட்ல ஒரு பெட்டிய காரோட டயக்னாஸ்டிக் போர்ட்ல மாட்டி 100ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் சாதாரணமா ஓட்டணும், அப்புறம் ரிப்போர்ட் வரும். விக்கறவர் இதுக்கு ஒத்துக்கலேன்னா அதுவே ஒரு பதில்தான். டெஸ்லால சர்வீஸ் மோடுக்குள்ளயே பேட்டரி ஹெல்த் டெஸ்ட் இருக்கு, பல மணி நேரம் ஆகும், அவர் வீட்டு சார்ஜர்லயே ராத்திரி பண்ணி வைக்கச் சொல்லலாம்.

இது எதுவும் முடியலேன்னா கை கணக்கு இருக்கு. 90 சதவீதத்துல ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணிட்டு 20 வரைக்கும் நிறுத்தாம ஓட்டுங்க, ஏசி எல்லாம் வழக்கம் போல. 200 கிலோமீட்டர் ஓடி, சராசரி 100 கிலோமீட்டருக்கு 24 யூனிட்னு (ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட் ஹவர்) காட்டுதுன்னு வைங்க, மொத்தம் 48 யூனிட் செலவு, இது 70 சதவீத பேட்டரி, 48ஐ 0.7ஆல வகுத்தா 68.6 வரும். புதுசுல யூஸபிள் 84 இருந்த கார்னா இப்போ 82 சதவீதம். வகுக்கறப்போ யூஸபிள் கொள்ளளவ எடுக்கணும், மொத்த கொள்ளளவ எடுத்துட்டா நல்ல பேட்டரியும் செத்த மாதிரி தெரியும். டைகான்ல மொத்தம் 93.4, யூஸபிள் 83.7, பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50ல 111.5க்கு 105.2. இந்த கணக்குல சில சதவீதம் முன்ன பின்ன வரும், குளிர் நாள்ல இன்னும் தப்பும், ஆனா 92ஆ 78ஆங்கறது கண்டிப்பா தெரிஞ்சிரும்.

கூடவே ஒரு ஓபிடி டாங்கிள் (டயக்னாஸ்டிக் போர்ட்ல மாட்டற சின்ன கருவி) வாங்கி, அந்த மாடலுக்கு வேலை செய்யற ஆப்ல செல் வோல்டேஜ பாருங்க. மொத்த ஹெல்த் நம்பர விட எனக்கு இதுதான் முக்கியம். ஆரோக்கியமான பேக்ல எல்லா செல்லும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ்ல இருக்கும், ஒரே ஒரு செல் குரூப் மட்டும் எப்பவும் மத்தத விட கீழ தொங்குச்சுன்னா அந்த மாட்யூல் (செல்கள் சேந்த ஒரு பெட்டி) சீக்கிரம் தொல்லை குடுக்கும், மொத்த ஹெல்த் 93னு காட்டினாலும். இதுல ஒரு ஆறுதல், பல லக்சரி பேக் மாட்யூல் மாட்யூலா மாத்தற மாதிரி செஞ்சது, இ-ட்ரான்ல 36 மாட்யூல், டைகான் பெரிய பேக்ல 33, ஒண்ணு போனா ஒண்ண மட்டும் மாத்தலாம். அந்த வேலை தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்.

ஸ்க்ரீன்ல சார்ஜிங் லிமிட் எதுல செட் ஆகியிருக்குன்னும் சும்மா ஒரு பார்வை பாருங்க. தினசரி லிமிட் 100ல இருந்தா, "நான் எப்பவும் 80க்கு மேல போட மாட்டேங்க"ன்னு விக்கறவர் சொன்னத எந்த அளவு நம்பலாம்னு புரியும்.

ஸ்டெப் 6: சார்ஜ் போட்டுப் பாக்காம பணம் குடுக்காதீங்க

ரெண்டு வகையும் போடணும். ஏசி சார்ஜர்ல (வீட்டு வால்பாக்ஸ் மாதிரி மெதுவா ஏத்தறது) 15 நிமிஷம், அதுல 11 கிலோவாட் வரவேண்டிய கார்ல 3.7தான் வருதுன்னா ஆன்போர்டு சார்ஜர்ல ஒரு பகுதி போயிருக்கலாம், இல்ல அந்த சார்ஜரே ஒரு ஃபேஸா இருக்கலாம், வேற எடத்துல இன்னொரு தடவ போட்டு உறுதி பண்ணிக்கோங்க. அப்புறம் ஒரு பவர்ஃபுல் டிசி ஃபாஸ்ட் சார்ஜருக்கு, அரை மணி நேரமாவது ஹைவேல ஓட்டி பேட்டரி சூடானதுக்கப்புறம், 15 சதவீதம் வாக்குல போங்க, நேவிகேஷன்ல சார்ஜர செட் பண்ணினா பல கார் தானே பேட்டரிய ரெடி பண்ணும். 20, 40, 60, 80ல எத்தன கிலோவாட் வருதுன்னு எழுதிக்கிட்டு அந்த மாடலோட வழக்கமான சார்ஜிங் கர்வோட (எத்தன சதவீதத்துல எவ்வளவு வேகம்ங்கற வரைபடம்) ஒப்பிடுங்க. ஜில்லுன்னு இருக்கற பேட்டரில மெதுவா ஏறுதுன்னு கார திட்டாதீங்க. சூடான பேட்டரி, நல்ல சார்ஜர், அப்பவும் பாதிதான் வருதுன்னா கூலிங்லயோ பேக்லயோ ஏதோ இருக்கு. சார்ஜ் ஏறறப்போ ஃபேன் சத்தமா ஓடறது சகஜம், நடுவுல சார்ஜிங் கட் ஆகறது சகஜம் கிடையாது.

ஸ்டெப் 7: லிஃப்ட்ல ஏத்துங்க

இதுக்கு காசு குடுத்து ஒரு மெக்கானிக்க கூட்டிட்டு போங்க, எலக்ட்ரிக் கார் பழக்கம் இருக்கறவரா. அடில பேட்டரி ட்ரேய முழுக்க டார்ச் அடிச்சு பாக்கணும், ஸ்பீட் பிரேக்கர்ல உரசின கீறல் பரவால்ல, உள்ள அமுங்கின பள்ளம்னா நிறுத்திருங்க, ஏன்னா அந்த ஒரு பள்ளத்துக்காகவே மொத்த பேக்கையும் மாத்தணும்னு சொல்ற இன்சூரன்ஸும் கம்பெனியும் இருக்கு. பேட்டரி போல்ட்ல ஸ்பேனர் போட்ட தடம் இருந்தா எதுக்கு இறக்கினாங்கன்னு பில்லு கேளுங்க, வாரண்டில மாட்யூல் மாத்தியிருந்தா அது நல்ல செய்திதான். கூலண்ட் காஞ்சு உப்பு மாதிரி படிஞ்சிருக்கா, ஆரஞ்சு கலர் கேபிள்ல வேற டேப் சுத்தியிருக்கா, ஜாக் வைக்கற இடம் நசுங்கியிருக்கா.

வெள்ளத்துல நின்ன கார்னா விலை என்ன சொன்னாலும் வேண்டாம். 2022ல ஃப்ளோரிடால இயன் புயலுக்கப்புறம் உப்புத்தண்ணில நின்ன எலக்ட்ரிக் கார்கள் நாள் கழிச்சு தீப்பிடிச்சுது. தண்ணி தடம் இருக்கான்னு சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, கார்ப்பெட் அடில கை விடுங்க. மொத்த நஷ்டம்னு எழுதி ரிப்பேர் பண்ணின டெஸ்லாவுக்கு கம்பெனி ஃபாஸ்ட் சார்ஜிங்கையே நிறுத்தி வைக்கும், அதையும் மனசுல வைங்க.

பிரேக் டிஸ்க்கும் பாருங்க. வேலைல பெரும்பகுதிய ரீஜென் பாத்துக்கறதால, டைகான்ல தினசரி பிரேக்கிங்ல 90 சதவீதம் வரைக்கும் மோட்டாரே பாத்துக்கும்னு போர்ஷே சொல்றாங்க, டிஸ்க் தேயறதுக்கு பதிலா துரு பிடிச்சு போகும். டயர் நேர் எதிர், ரெண்டரை டன் வெயிட்டும் மோட்டாரோட இழுவை சக்தியும் (டார்க்) சேந்து சீக்கிரம் தின்னும், உள் ஓரத்துல ஒரு பக்கமா தேஞ்சிருந்தா அலைன்மென்ட் இல்ல சஸ்பென்ஷன் பிரச்சனை. மாத்தியிருக்கற டயர்ல லோட் ரேட்டிங் (எவ்வளவு வெயிட் தாங்கும்ங்கறது) சரியா இருக்கான்னும் பாருங்க, மலிவு டயர் போட்ட லக்சரி கார் வேற எங்கெல்லாம் மிச்சம் புடிச்சிருப்பாங்கன்னு யோசிக்க வைக்கும்.

ஸ்டெப் 8: ஓட்டறப்போ காத தீட்டிக்கோங்க

காலைல போனதும் வண்டிய சுத்தி வாங்க, ஒரு மூலை மட்டும் இறங்கி இருந்தா ஏர் ஸ்ட்ரட் கசியுது. ஸ்டார்ட் பண்ணி உயரத்த ஏத்தி இறக்குங்க, கம்ப்ரஸர் ரொம்ப நேரம் கத்திக்கிட்டே இருந்தா அதுவும் முடியற நிலைமை. ம்யூசிக்க ஆஃப் பண்ணிட்டு 40ல இருந்து 100 வரைக்கும் மெதுவா ஏத்துங்க, இன்ஜின் சத்தம் இல்லாததால மோட்டார் பேரிங், ரிடக்ஷன் கியர் கூவறது தெளிவா கேக்கும், வேகத்தோட சேந்து ஏறற அரைக்கற சத்தம் இருந்தா டிரைவ் யூனிட் செலவு வருது. ஹீட்டர ஃபுல்லா வச்சு பாருங்க, வெயில் காலமா இருந்தாலும் சரி, ஹை வோல்டேஜ் ஹீட்டர் மாத்தறது சின்ன செலவு இல்ல. அப்புறம் ஒவ்வொரு பட்டன், ஒவ்வொரு சீட் மோட்டார், மசாஜ், கேமரா, சன்ரூஃப், சார்ஜிங் போர்ட் மூடி, எல்லாத்தையும் அமுக்கிப் பாருங்க, பொறுமையா, விக்கறவர் முகம் சுளிச்சாலும்.

ஸ்டெப் 9: சாப்ட்வேர்

விளம்பரத்துல போட்ட வசதி எல்லாம் வண்டியோட வருமாங்கறது இப்போ தனி கேள்வி. சில வசதி சந்தாவுல ஓடுது, இக்யூஎஸ்ல பின் சக்கரம் 10 டிகிரி திரும்பறத கூட சில மார்க்கெட்ல சந்தாவா வித்தாங்க. டெஸ்லால ஆரம்ப கார்களுக்கு குடுத்த இலவச சூப்பர்சார்ஜிங் சிலதுல வண்டியோட வரும், பலதுல முதல் ஓனரோட முடிஞ்சிரும். ஸ்க்ரீன்ல நேரா காட்டச் சொல்லுங்க, காட்ட முடியாததுக்கு காசு கிடையாது. பழைய கார்ல 3ஜி மோடம்னா 3ஜி நிறுத்தின இடத்துல ஆப்பும் மேப்பும் செத்திருக்கும், மோடம் மாத்த வழி இருக்கான்னு கேளுங்க.

பணம் கை மாறற அதே நேரத்துல, அவர் போன்ல இருந்து கார நீக்கி, உங்க அக்கவுண்ட்ல சேத்து, ஆப்ல லாக் அன்லாக் வேலை செய்யறத பாத்துட்டுதான் பாக்கி தொகைய குடுங்க. இல்லேன்னா பழைய ஓனரால உங்க கார் எங்க நிக்குதுன்னு பாக்க முடியும், திறக்கவும் முடியும். கடன் பாக்கி இருக்கற வண்டின்னா கடன் குடுத்தவங்க கிட்ட இருந்து எழுத்துல வாங்காம எதுவும் நகரக்கூடாது.

பேரம் பத்தி ரெண்டு வரி. இணையத்துல இருக்கற மத்த செகண்ட் ஹேண்ட் விலையோட மட்டும் ஒப்பிடாதீங்க, அதே மாடல் புதுசு இன்னைக்கு டிஸ்கவுண்ட் போக என்ன விலைன்னு கேளுங்க, அங்க இருந்து கீழ வாங்க. பேட்டரி ரிப்போர்ட், டயர், டிஸ்க், இதுவரை எழுதி வச்ச குறை எல்லாத்துக்கும் கம்பெனி எஸ்டிமேட் வாங்கி மேஜைல வச்சு பேசினா, "கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்"ங்கறத விட நிறைய குறையும்.

வாங்கின பிறகு

முதல் வாரத்துலயே 12 வோல்ட் பேட்டரி வயசு பாருங்க, நாலு வருஷம் தாண்டியிருந்தா கேள்வி கேக்காம மாத்துங்க. 90 கிலோவாட் ஹவர் பேக் ஃபுல்லா இருந்தாலும் இந்த சின்னது செத்தா கதவு கூட திறக்காது. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவங்கறது எலக்ட்ரிக் கார்லயும் உண்டு, கேபின் ஃபில்டர் மாத்துங்க, கூலண்ட் லெவல மாசம் ஒரு தடவ பாத்து குறிச்சு வைங்க, குறைஞ்சுக்கிட்டே வந்தா வாரண்டிக்குள்ளயே காட்டுங்க. தினசரி சார்ஜ் 80ல நிறுத்துங்க, ட்ரிப் போற அன்னைக்கு காலைல 100 போட்டு உடனே கிளம்பிட்டா ஒண்ணும் ஆகாது. அந்த கை கணக்கு டெஸ்ட வாங்கின மாசமே ஒரு தடவ பண்ணி, வருஷம் ஒரு தடவ அதே ரோட்ல அதே மாதிரி வெயில் நாள்ல திரும்ப பண்ணி எழுதி வைங்க. பேட்டரி வாரண்டி முடியற தேதிய காலண்டர்ல போட்டு, அதுக்கு ஆறு மாசம் முன்னாடி காசு போனாலும் பரவால்லன்னு ஒரு முழு சர்டிஃபிகேட் டெஸ்ட் எடுத்துருங்க. 70க்கு கீழ இருந்தாலோ ஒரு மாட்யூல் தொங்கினாலோ அப்பவே க்ளெயிம் போட்டு நம்பர் வாங்கிருங்க, தேதி தாண்டி ஒரு நாள் ஆனாலும் அந்த மொத்த பில்லும் உங்க பேர்லதான் வரும்.